வாய்ப்பாடு நின்றுபோன தெரு

கல்வியைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் மொத்தம் ஒன்றரை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஒன்றரைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையும், சும்மா இருந்த ஒரு தெருவையும் சீர்திருத்தப் புறப்பட்டேன் என்பதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. முதல் புத்தகம் முழுசு. இரண்டாவதன் பின்பாதியை எனக்கு முன்னாலேயே கறையான் படித்து முடித்திருந்தது. என்னென்ன செய்ய வேண்டும் என்பது முன்பாதியில் இருந்தது. எங்கெங்கே செய்யக் கூடாது என்பது பின்பாதியில் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கறையானுக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாத்தியார் வேலைக்குப் பயிற்சி பெற்ற காலம் அது. எங்கள் பயிற்சி வாத்தியாருக்குக் கடல் தாண்டிய சீர்திருத்தக்காரர்கள் எல்லாம் குலதெய்வம் மாதிரி. வாரம் ஒருவரை அழைத்து வருவார். பெயர்களை விட்டுவிடுகிறேன், அவர் உச்சரித்த விதத்தில் சம்பந்தப்பட்டவர்களே தங்கள் பெயரை அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள். பனிமலை நாட்டுக்காரர் ஒருவர், பிள்ளைக்கு வார்த்தையைக் கொடுக்காதே, பொருளைக் கொடு என்றார். ஜெர்மானியர் ஒருவர், பிள்ளை ஒரு செடி, பள்ளிக்கூடம் ஒரு தோட்டம் என்றார். அமெரிக்கர் ஒருவர், செய்து பார்த்தால்தான் எதுவும் மண்டையில் ஏறும் என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதினார். இதையெல்லாம் எங்கள் வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் கையைக் காலை அசைக்காமல் நோட்டில் எழுதி, உருப்போட்டு, பரீட்சையில் ஒப்பித்தோம். மனப்பாட முறையின் தீமைகள் ஏழு. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் வரிசை பிசகாமல் சொல்வேன்.

ஆனால் என்னை அடியோடு கெடுத்தது அந்தக் கறையான் புத்தகம்தான். அதில் ஐரோப்பாவில் ஒரு டாக்டர் அம்மாள் வருகிறாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் எந்த வேலையைச் செய்வது என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளும். ஆசிரியை குரலை உயர்த்துவதில்லை. ஓரமாக நின்று கவனிப்பாள். அவ்வப்போது மௌனப் பாடம் நடக்கும். வகுப்பு முழுவதும் கண்ணை மூடி, மூச்சுவிடும் சத்தம் கேட்கிற அளவுக்கு அடங்கி உட்காரும். அதற்கு ஒரு படமும் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட இருபது குழந்தைகள், கண் மூடி, உதட்டில் ஒரு சிரிப்போடு. எதிர்காலத்தில் என் வகுப்பும் இப்படி உட்கார்ந்திருக்க, நான் ஓரமாக நின்று கவனிப்பதாக எத்தனையோ தடவை கற்பனை செய்திருக்கிறேன். கல்யாணத்தைப்பற்றிக்கூட அவ்வளவு கற்பனை செய்ததில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு எனக்கு வேலை கிடைத்தது. ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகிற வழியில் உள்ளே ஒதுங்கிய ஒரு தறிக்காரத் தெரு. அங்கே ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளிக்கூடம். பயிற்சி முடித்த கிறிஸ்தவர் யாரும் அகப்படாததால், நெற்றியில் திருநீறு பூசிய என்னை மேனேஜர் பாதிரியார் பெரிய மனசு பண்ணித் தலைமை ஆசிரியராக்கினார். வயசு இருபத்துமூன்று. தலைமைக்கு உட்பட்ட படை ஓர் ஆள்.

அந்த ஆள் டீச்சரம்மா. நாற்பது தாண்டியவர். பயிற்சிப் பட்டம் கிடையாது. கணவர் காலமாகி வெகுநாளாயிற்று. பிள்ளை இல்லை. கூமாப்பட்டியில் அண்ணன் வீடு ஒன்று இருந்தது. அதில் மதினியும் இருந்தாள், அதுதான் சங்கடம். சின்ன வயசில் மலையடிவாரத்து வயலில் கிளி விரட்டிய தொண்டை அவருக்கு. பிறகு அதைச் சர்ச் பாட்டுக் குழுவில் சேர்த்துச் செம்மைப்படுத்தியிருந்தார்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்குள் 'சார்' என்பார், வாசற்படி தாண்டினால் 'தம்பி'. கோபம் வந்தால் இந்த எல்லைக்கோடு இடம் மாறும்.

பள்ளிக்கூடம் என்பது ஓடு வேய்ந்த ஒரே நீளமான ஹால், பக்கத்தில் ஒரு வேப்பமரம். தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. காலையில் டீச்சரம்மா "ஓரெட்டு எட்டு" என்று ஓர் அடி எடுத்துக்கொடுப்பார். நாற்பது பிள்ளைகள் "ஓரெட்டு எட்டூஉ" என்று திருப்பிச் சொல்வார்கள். கூரையில் இருக்கிற புறா எழுந்து போய்விடும். இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கி மத்தியானத்துக்குள் பதினாறில் போய் முடியும். நடுவில் பாட்டு, எழுத்து, ஊர் பெயர் எல்லாம் அதே சுருதியில்.

நான் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று முடிவுகட்ட இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். தெருவைக் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருக்கும். அந்தத் தெருவில் கடிகாரம் கிடையாது. பன்னிரண்டாம் வாய்ப்பாடு காதில் விழுந்தால் பெண்கள் உலை வைப்பார்கள். பதினாறு முடிந்தால் ஆண்கள் தறிக்குழியிலிருந்து எழுந்து கை கழுவுவார்கள். தெரு தன் பாட்டுக்கு எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தது, வருகைப் பதிவில் பெயர் இல்லாமல். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் அப்போது பிள்ளையைக் கவனிப்பது எப்படி என்று படித்துக்கொண்டிருந்தேன்.

சீர்திருத்தத்தின் முதல் படியாக ராஜபாளையத்தில் ஓர் ஆசாரியிடம் போனேன். புத்தகத்தில் ஒன்றைவிட ஒன்று சின்னதாகப் பத்து மரக்கட்டைகள் இருந்தன. பிள்ளை அவற்றைத் தானே அடுக்கிக் கோபுரமாக்கி, பெரிது சிறிதை உணர வேண்டும்.

ஆசாரி கேட்டார்: "இதெல்லாம் எந்தச் சாமானோட துண்டு?"

"துண்டு இல்லை. இதுவேதான் சாமான்."

"எதுக்கு ஆகும்?"

"அடுக்குவதற்கு."

"அடுக்கிட்டு?"

"மறுபடி கலைத்து அடுக்குவதற்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்ல பிள்ளைக்கா?" என்றார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். அவர் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார்.

கட்டைகள் வந்தன, பிள்ளைக்கு ஒரு கோரைப்பாய் வந்தது. டீச்சரம்மாவை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"டீச்சர், இனி யாரும் கத்த வேண்டாம். பிள்ளைகள் தாங்களாகவே கற்பார்கள்."

"அப்ப நாம என்ன செய்ய, சார்?"

"ஓரமாக நின்று கவனிக்க வேண்டும்."

"எதை?"

"அவர்கள் கற்பதை."

"செத்த நேரம் கவனிக்கலாம். சாயங்காலம் வரைக்குமா?"

மறுநாள் கரும்பலகையில் 'மௌனம்' என்று எழுதி மாட்டினேன். பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். ஏதோ தண்டனை என்று நினைத்திருந்ததால் நன்றாகவே ஒத்துழைத்தார்கள். அரை நிமிஷத்தில் எனக்கு ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று தெரு முழுக்க. தறிச் சத்தம். வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகியும் அதை நான் கேட்டதே இல்லை; எங்களுக்கும் தறிகளுக்கும் நடுவில் டீச்சரம்மா இருந்தார். ஆகா, புலன்கள் கூர்மையாகின்றன என்று புல்லரித்து நின்றேன்.

அப்போது எதிர்வீட்டுத் தறி நின்றது. அதற்கடுத்த வீட்டுத் தறி நின்றது. ஒவ்வொன்றாகத் தெருவே நின்றது. இப்போது புத்தகத்தில் சொன்ன மௌனம் உண்மையாகவே வந்தது. வாசலில் ஏழெட்டுத் தலைகளும் வந்தன.

எதிர்வீட்டுத் தறிக்காரர் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஐம்பது வயசுக்காரர், அந்தத் தெருவுக்கு வாய் அவர்தான்.

"என்ன சார்வாள், யாரும் தவறிட்டாவளா?"

"இல்லையே."

"பெரிய பாதிரியார் நல்லாத்தான இருக்காவ?"

"எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். பாடம் நடக்கிறது."

அவர் எட்டிப் பார்த்தார். நாற்பது பிள்ளைகள், மூடிய கண்கள்.

"பாடமா? இது செபம்லா!"

"செபம் இல்லை. மௌனம்."

"கண்ண மூடியாச்சு, வாய மூடியாச்சு. பொறவு என்ன பாக்கி?" என்றவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "உங்களையுமா மாத்திட்டாவ?"

விளக்கினேன். நான் விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம் தெளிந்து இரக்கம் வந்தது. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "ஏட்டி, பன்னெண்டு சொன்னாகளா? நான் இன்னும் உலை வைக்கலையே!" என்றாள். "எங்கிட்டுச் சொன்னாக? ரெண்டே வரல" என்றாள் மற்றவள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் நேரத்துக்குச் சாப்பாடு இல்லை.

ஒரு வாரத்தில் தெரு தன் முடிவுக்கு வந்தது. சத்தம் கேட்டால் பாடம் நடக்கிறது. சத்தம் இல்லை, ஆகவே பாடம் நடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் முதலில் தன் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தினார். நேரில் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டே நிறுத்தினார்.

"சும்மா உக்காரத்தான்னா எங்கிட்டயே உக்காரட்டும், சார்வாள். உக்காந்தாப்ல தார் சுத்திருவான்." தார் என்பது ஊடைநூலைச் சின்னக் குழலில் சுற்றுவது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் வேலை அது. "இன்னொண்ணு. கோவிச்சுக்கிடாதீக. எட்டாம் வாய்ப்பாட்டுக்குத் தறி நல்லா ஓடும். கைக்கும் காலுக்கும் ஒத்து வரும். பதிமூணு மட்டும் செத்த முரண்டும், அதுல ஒண்ணு ரெண்டு இழை அறும். இப்ப எந்த வாய்ப்பாடும் இல்லாம எல்லா நேரமும் இழை அறுது."

கல்வியின் நோக்கம் தறி ஓட்டுவதல்ல என்றேன். "அது சரிதான்" என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

அவரைப் பார்த்து மற்றவர்கள். நாற்பது முப்பத்துமூன்றாயிற்று, முப்பத்துமூன்று இருபத்தெட்டாயிற்று. நான் கலங்கவில்லை. குறைந்த பிள்ளைகளை இன்னும் நன்றாகக் கவனிக்கலாம் என்று புத்தகத்தில் ஆதாரம் இருந்தது.

இருபத்திரண்டு ஆன அன்று டீச்சரம்மா என் மேஜைக்கு வந்தார். நட்ட நடு ஹாலில் நின்றுகொண்டு, "தம்பி" என்றார். எல்லைக்கோடு இடம் மாறிவிட்டிருந்தது.

"தம்பி, அடுத்த மாசம் டிப்டி வாராரு." டிப்டி என்றால் பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வரும் டிப்டி இன்ஸ்பெக்டர். "அவரு எண்ணும்போது முப்பது தலை இல்லேன்னா ஒரு வாத்தியார் போதும்னு பாதிரியார் காயிதம் போட்டாச்சு. அந்த ஒரு வாத்தியார் நீங்க. நீங்க பட்டம் வாங்குனவிய. நான் கூமாப்பட்டிக்குப் போகணும்."

"முறை வேர்பிடிக்கும்வரை கொஞ்சம் பொறுமையாக..."

"எங்க மதினி சோத்தத் தட்டுல வைக்கும்போதே டங்குனு சத்தம் கேக்கும். ஒரு வேளைச் சோத்துக்கு ஒரு டங்கு. நீங்க சொல்லுத மௌனம்லாம் அந்த வீட்ல கிடையாது. பதினெட்டு வருசமா எந்தொண்டைய வச்சுத்தான் எஞ்சோறு. அத வேண்டாம்னுட்டீக."

"டீச்சர், ஐரோப்பாவில் அந்த அம்மாள்..."

"அந்தம்மா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல தறி உண்டா?"

யோசித்தேன். படத்தில் தறி இல்லை. "இருக்காது."

"பாத்திகளா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர் வேலைக்காக வருந்தினேன் என்று எழுத ஆசை. உண்மையில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்ன என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோரைக் கூட்டிப் பேசினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டேன். நான்கு நாட்டுச் சீர்திருத்தக்காரர்களையும் வரிசையாக அவிழ்த்துவிட்டேன். அசையாமல் கேட்டார்கள். நம் ஆட்களும் சும்மா இல்லை என்று காட்டுவதற்காக, அப்போது வடக்கிலிருந்து கிளம்பியிருந்த புதுத் திட்டத்தையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன். கைத்தொழில் வழியாகவே படிப்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தக்ளி வைத்து நூல் நூற்பார்கள். அதிலிருந்தே கணக்கு, பூகோளம் எல்லாம் வரும் என்றேன்.

கூட்டத்தில் முதல்தடவையாக ஓர் அசைவு. எதிர்வீட்டுக்காரர் எழுந்தார்.

"நூலா? பள்ளிக்கூடத்துலயா?"

"ஆமாம்."

"சார்வாள், நூலவிட்டுத் தப்பிக்கட்டும்னுதான பிள்ளைய இங்க அனுப்புதோம். நீங்க வாசல்ல நின்னு மறுபடி நூலக் கையில குடுத்து அனுப்புதீகளே!"

தெரு சிரித்தது. பின்வரிசையில் டீச்சரம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் இருபது.

அதற்குப் பிறகுதான் நான் என் வாழ்க்கையின் ஒரே சமரசத்துக்கு வந்தேன். கொள்கையையும் விடக் கூடாது, டீச்சரம்மாவின் சோறும் போகக் கூடாது. ஆகவே பள்ளிக்கூடத்தை இரண்டாகப் பிரித்தேன். வேப்பமரத்தடியில் தெருவைப் பார்த்தபடி டீச்சரம்மா, பத்துப் பிள்ளைகள், வாய்ப்பாடு. உள்ளே நான், மீதிப் பிள்ளைகள், மரக்கட்டை, மௌனம். ஜவுளிக்கடையில் நல்ல சேலையை வாசலில் தொங்கவிடுவதுபோல வாய்ப்பாட்டை வாசலில் தொங்கவிடுவது. சரக்கு உள்ளே.

டீச்சரம்மா எடுத்த எடுப்பில் "ஓரெட்டு எட்டு" என்றார். ஒரு மாசமாக அடைபட்டுக் கிடந்த குரல். எதிர்வீட்டுத் தறி அந்த இடத்திலேயே தாளம் பிடித்துக்கொண்டது. பத்துப் பிள்ளைகள் சொன்னதை நாற்பது என்று தெரு எண்ணிக்கொண்டது. இரண்டு நாளில் நின்ற பிள்ளைகள் திரும்ப ஆரம்பித்தார்கள். "ஏலே, சத்தம் கேக்குதுலா, ஓடு!" என்று தகப்பன்மார் விரட்டிவிட்டார்கள்.

எனக்கு நேரம் நன்றாகத்தான் இருந்தது, பிள்ளை எந்த வேலையையும் தானே தேர்ந்துகொள்ளலாம் என்பதை நான் கடைப்பிடிக்காதவரை. ஆனால் கடைப்பிடித்தேன். சொல்லியும் வைத்தேன்: "உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்யலாம். யாரும் தடுக்க மாட்டோம்."

முதல் நாள் மூன்று பேர் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனார்கள். மறுநாள் ஆறு பேர். கூப்பிட்டால் கொள்கை போகும். கூப்பிடாவிட்டால் பிள்ளை போகும். நான் கொள்கையைக் காப்பாற்றினேன். நிழல், காற்று, தொண்டை கிழியக் கத்துவதற்கு அனுமதி. இவற்றோடு போட்டி போட என்னிடம் பத்து மரக்கட்டை. கடைசியில் ஒரே ஒரு சிறுமி என்னோடு தங்கினாள். வாய் திறக்காமல், பாயில் அமர்ந்து, மூன்று நாள் ஒரே கவனத்தோடு கட்டை அடுக்கினாள். இந்த ஒருத்தி போதும், இவளைப் பற்றிக் கட்டுரை எழுதி அந்த அம்மாளுக்கே அனுப்பலாம் என்று தலைப்புவரை யோசித்துவிட்டேன். அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நாலாம் நாள் சரியாயிற்று, போய்விட்டாள்.

டிப்டி வரும் நாள் வந்தது. டீச்சரம்மா வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தார். பைபிளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். "எத்தனை?" என்று கேட்டேன். "முப்பத்தெட்டு. கால் வைக்க இடமில்ல" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனார்.

நான் ஆளில்லாத ஹாலுக்குள் போனேன். ஆசிரியர் கூப்பிடாமல், கட்டளையிடாமல், தானே ஆர்வத்தோடு வேலையில் ஈடுபட்டால் பிள்ளைகள் தாமாக வந்து சூழ்ந்துகொள்ளும் என்று முன்பாதியில் ஓர் இடத்தில் இருந்தது. டிப்டி வருவதற்குள் நாலைந்து பேராவது வந்தால் மானம் தப்பும். பாயில் சம்மணம் கூட்டி உட்கார்ந்தேன். கோபுரத்தை அடுக்கினேன். புத்தகத்துப் படத்தில் இருப்பதுபோல ஒரு சீராக வரவில்லை. நடுவில் ஒரு படி உதைத்தது. கலைத்தேன். மறுபடி அடுக்கினேன். மறுபடி உதைத்தது. இத்தனை நாளும் பிள்ளைகளுக்கு வராததற்கு அவர்களுடைய புலன்களைக் குறை சொல்லியிருந்தேன். இப்போது கண்ணை மூடிக் கையால் தடவினேன். மூன்றாம் கட்டையும் நாலாம் கட்டையும் ஒரே அளவு! ஆசாரி ஏமாற்றியிருக்கிறார். என்ன ஒரு கண்டுபிடிப்பு! புத்தகத்தில் சொன்ன கவனம் என்றால் இதுதான். வெளியே வாய்ப்பாடு போவது கேட்கவில்லை, தறி கேட்கவில்லை, வண்டி வந்து நின்றதும் கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த முறை முழு வெற்றி பெற்றது ஒரே ஒரு மாணவனிடம்தான்.

நிமிர்ந்தபோது கதவோரத்தில் டிப்டி நின்றுகொண்டிருந்தார். கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

துள்ளி எழப் பார்த்தேன்.

"எந்திரிக்க வேண்டாம். முடிச்சிட்டே வாங்க" என்றார்.

எழுந்தேன். கோபுரம் சரிந்தது.

"ஹெட்மாஸ்டர் எங்க?"

"நான்தான் ஐயா."

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். நாற்பது பாய்கள் வரிசையாக விரித்தபடி. "பிள்ளைகள்?"

"தங்கள் விருப்பப்படி வெளியே கற்பதைத் தேர்ந்துகொண்டார்கள், ஐயா."

"நீங்க உங்க விருப்பப்படி உள்ள."

"ஆமாம், ஐயா."

அவர் மரத்தடிக்கு நடந்தார். தலையை எண்ணினார். முப்பத்தெட்டு. மறுபடியும் எண்ணினார். டீச்சரம்மா இமைக்காமல் நின்றார். எண்ணிக்கை முடிந்தும் டிப்டி விடவில்லை. கத்துவதற்கு எந்தக் கழுதையாலும் முடியும், தலைக்குள் ஏறியிருக்கிறதா பார்க்கிறேன் என்பதுபோல் குடையை நீட்டி ஒரு பையனைச் சுட்டினார்.

"வரிசையா வேண்டாம். ஏழெட்டு எம்புட்டு?"

பையன் கண் சொருகி, உதட்டுக்குள் ஓரெட்டிலிருந்து ஓட ஆரம்பித்தான். அவன் நாலெட்டைத் தாண்டுவதற்குள் தெருவிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு கட்டைக் குரல் வந்தது: "அம்பத்தாறு!"

டிப்டி திரும்பினார். "யாரது?"

"எதிர்வீடு ஐயா" என்றார் டீச்சரம்மா. "தறிக்காரரு."

"இங்க படிச்சவரா?"

"அவிய பள்ளிக்கூடமே போனதில்ல. கேட்டதுதான்."

டிப்டிக்கு வேகம் பிறந்துவிட்டது. தெருவைப் பார்த்தே கேட்டார்: "பதிமூணு ஆறு?"

தறி ஒரு நொடி தயங்கியது. "எழுவத்தெட்டு! இழையும் அத்துப்போச்சு!"

"பன்னெண்டு ஒன்பது?"

இதற்குப் பெண் குரல் வந்தது, அடுப்படியிலிருந்து. "நூத்தியெட்டு! உலை கொதிச்சாச்சு!"

தெருவே தேறியது. எங்கள் பையனும் தேறினான். "அம்பத்தாறு" என்று கடைசியில் வந்துசேர்ந்தான். எப்போதோ வாய்விட்டுச் சிரித்த முகம்போல டிப்டி முகம் ஒருமாதிரி அவிழ்ந்தது. டீச்சரம்மாவைப் பார்த்து, "எத்தனை வருசமா அம்மா?" என்றார். "பதினெட்டு, ஐயா." பிறகு என்னிடம், "இந்த மரத்தடி ஏற்பாடு உங்க யோசனையா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு நியாயம் இருந்தது. பிரித்தது நான்தானே. தொண்டைவரை வந்தது. ஆனால் டீச்சரம்மா என்னைப் பார்த்த பார்வையில் கூமாப்பட்டித் தட்டு டங்கென்று விழுவது எனக்கே கேட்டது.

"வெளியே இருப்பதெல்லாம் டீச்சரம்மாவுடையது, ஐயா. உள்ளே இருப்பது என்னுடையது."

டிப்டி உள்ளே எட்டிப் பார்த்தார். பாய்களையும் சரிந்த கட்டைகளையும் பார்த்தார். விசிட் புத்தகத்தை வாங்கி, நின்றபடியே எழுதினார். எழுதிவிட்டுச் சொன்னார்: "ரெண்டாம் வாத்தியார் பதவி அவசியம்னு எழுதியாச்சு, அம்மா. இனி யாரும் கைவைக்க மாட்டாவ." குடையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போகும்போது என் பக்கமாகத் திரும்பி, "முதலாம் பதவியப் பத்தித்தான் யோசிக்கேன்" என்றார்.

டீச்சரம்மா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பாடு அழுதார். பிள்ளைகள் பயந்து போய் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு மாசம் முயன்றும் வராத மௌனம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஈரெட்டு" என்றார். தெருவில் யாரோ "பதினாறு" என்றார்கள்.

ஐரோப்பாவில் அந்த அம்மாள் செய்தது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. பிரம்பை எடுத்து எறிந்தது, பிள்ளையின் கையில் பொருளைக் கொடுத்தது, இரண்டும் சரி. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் வந்துசேர்ந்த பிறகு யாரும் அடி வாங்கவில்லை. இதை மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், டீச்சரம்மா அதற்கு முன்பும் அடித்ததில்லை என்ற ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டால். அந்த அம்மாள் தன் தெருவைக் கவனித்துவிட்டு அப்புறம் புத்தகம் எழுதியிருப்பாள். நான் புத்தகத்தைக் கவனித்துவிட்டுத் தெருவுக்குப் போனேன். இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

வெயில் தாழும்வரை வகுப்பு மரத்தடியில் என்பது அதற்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து எதிர்வீட்டுத் தறிக்காரர், செட்டியார்பட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் தன் பிள்ளையை இங்கே சேர்ப்பதாக இருந்தார். மரத்தடியில் டீச்சரம்மாவைக் காட்டி, "இவியதான் வாத்தியார்" என்றார் தறிக்காரர். உள்ளே வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த என்னை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுச் சொந்தக்காரர், "உள்ள இருக்காவளே, அவிய ஆரு?" என்று கேட்டார்.

தறிக்காரர் மரியாதையாகக் குரலைத் தணித்தார். ஆனால் அந்தத் தெருவில் தணித்த குரலும் கேட்கும்.

"அவிய பெரிய படிப்புப் படிச்சவிய. பிள்ளைங்க வெளிய இருக்கையில உள்ள ஆடு மாடு நொழைஞ்சிராமப் பாத்துக்கிடுதாவ."